கால்படாத மூலை

எனக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இதனால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்பவளிடம், பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்றுதான் சொல்வேன். சாவு வீட்டில்கூட, செத்தவர் நல்லவராக இருந்திருந்தால்தான் நல்லவர் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரும். இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பேன்.

"ஒன் வாய வச்சிக்கிட்டு ஒரு வீட்டுக்குப் போயி வர முடியல லா" என்று என் கணவர் சலித்துக்கொள்வார். அவர் தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். மலைச்சரிவில் வெட்டிய கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி ஆலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அவருக்கு எல்லோரும் வேண்டியவர்கள்.

இப்போது இதை நான் கையால் எழுதவில்லை. வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. நடுநடுவே அது தப்பாக எழுதுவதைக் கணவர் சாயங்காலம் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் நாத்தனார் கீழே பள்ளத்தாக்கில், லெம்பா பெர்த்தாமில் இருக்கும் தன் மகன் வீட்டுக்குப் போயிருக்கிற நாளாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

ஒரு காலத்தில் என் கண்ணுக்குத் தோட்டத்தில் நல்ல பேர் இருந்தது. ஆலையில் குச்சி பொறுக்கும் மேசையில் இருந்தவள் நான். காய்ந்த கறுப்புத் தூளில் செம்பழுப்பாகக் கிடக்கும் நார்களையும் குச்சிகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பேன், கை போய்ச் சரியாகக் குச்சியின் மேல் நிற்கும். வேலையை மேற்பார்க்கும் கிராணி வந்து என் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். பிறகு அந்த வேலைக்கு இயந்திரம் வந்தது. அதற்கும் கண் உண்டு, குச்சியைக் கண்டால் காற்றடித்துத் தள்ளிவிடும். எனக்கு அதன்மேல் கோபம் ஒன்றுமில்லை. முதுகுவலி விட்டது. பக்கத்தில் கியா பார்மில், தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியின் பூச்செடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பூச்சி தின்னும் செடிகளோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அங்கேதான். குடுவைச் செடியை இந்த மலையில் தெரியாதவர்கள் இல்லை. இலை நுனியில் மூடி போட்ட குடுவை ஒன்று தொங்கும், அதற்குள் விழுந்த எறும்பு திரும்பி வராது. மலாய்க்காரர்கள் அதைப் பெரியோக் கெரா, குரங்கின் பானை என்பார்கள். ஆனால் கடையில் பார்த்த மற்றவை எனக்குப் புதியவை. இலை முழுக்கப் பிசுபிசுத்த முத்துகளோடு நிற்கும் பனிச்செடி, தட்டையாகத் தரையோடு ஒட்டிக்கொண்டு கொசுவைப் பிடிக்கும் வெண்ணெய்ச்செடி, முள்வாய் திறந்து காத்திருக்கும் ஈப்பொறி.

கோலாலம்பூரிலிருந்து வரும் கூட்டத்துக்கு ஈப்பொறி என்றால் உயிர். அந்தச் சின்ன வாய்க்குள் விரலை விட்டு மூடவைத்துச் சிரிப்பார்கள். ஓர் இலை சில தடவைதான் மூடித் திறக்கும், அப்புறம் கறுத்துச் செத்துவிடும். பசித்தவனை இலை போட்டு உட்காரவைத்துவிட்டு எழுப்பி அனுப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் இதை அப்படியே அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். விற்க வந்தாயா, விரட்ட வந்தாயா என்று தவுக்கே மலாயில் கத்துவார்.

இந்தச் செடிகளை வளர்க்க முதலில் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஊட்டக் கூடாது. உரம் போட்டால் சாகும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் மெதுவாகச் சாகும். ஒன்றுமில்லாத மண்ணில், பாசியில், வெறும் மழைத் தண்ணீரில்தான் அவை வாழும். மண்ணில் கிடைக்காததைத்தானே பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன! காற்றிலேயே கோழி எரு மணக்கும் இந்த மலையில் இதைச் சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்? என் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, மகனோடு சேர்ந்து பெர்த்தாமில் முட்டைக்கோசும் சீனக்கீரையும் போடுகிறவர். ஒருமுறை என் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "எரு போடாத செடி என்னா செடி புள்ள? புள்ளையப் பெத்துப் பட்டினி போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

"எருவ கிட்ட கொண்டாந்தீங்கன்னா உங்களத் தொட்டியில நட்டுருவேன்" என்றேன். அவர் சிரித்தார். என் வாயைப் பொறுத்துக்கொண்டவர்கள் இந்தக் குடும்பத்தில் இரண்டே பேர், அவரும் அவர் தம்பியும்.

ஒரு மழைக்காலத்தில் பிரிஞ்சாங் போகும் பாதையில் மண் சரிந்தது. பாறையும் மரமும் சேறும் பாதையை அடைத்துக்கொண்டன. இயந்திரம் வந்து எல்லாவற்றையும் வாரி ஓரத்தில் குவித்தது. நான் கடையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். குவியலில் பாறையோடு உரிந்து கிடந்த பாசிப் பாளம் ஒன்று கண்ணில் பட்டது. பாசியின் மேல் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய, வட்டமான பச்சை இலைகள். பாசிக்கு அப்படி இலை கிடையாது. மறுநாள் அதன்மேல் இன்னொரு வண்டி மண் விழும் என்பது நிச்சயம். பாளத்தை எடுத்துக் கடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் ஒரு துணுக்கைக் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் பிரித்துப்போட்டு, நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற உருப்பெருக்கியால் பார்த்தேன். பாசி நூல்களுக்கிடையில் முடியைவிட மெல்லிய தண்டுகள் ஓடின. அவற்றில் ஊசிமுனை அளவுக்குப் பைகள். கண்ணாடி போன்ற பைகள். பிளாடர்வோர்ட் என்று கடையில் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்தது அதுதான் முதல்தடவை. எனக்கு அது பைச்செடி. வெளியே பார்த்தால் ஒன்றும் அறியாத சின்ன இலை, வேட்டையெல்லாம் அடியில், ஈரத்துக்குள். பை தன்னிடம் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு ஒட்டிய வயிறோடு காத்திருக்கும். வாசலில் இருக்கும் மயிரை ஏதாவது தண்ணீர்ப்பூச்சி தொட்டால் கதவு உள்ளே திறக்கும், தண்ணீரோடு பூச்சியும் உள்ளே போய்விடும், கதவு சாத்திக்கொள்ளும். நாம் கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான் பல நாள் அந்தக் கிண்ணத்தின்மேல் குனிந்திருந்தேன். பையின் வயிறு ஒட்டியிருப்பதையும், அடுத்த பார்வையில் உப்பியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். நடுவில் நடந்ததை ஒருமுறைகூடப் பார்க்க முடியவில்லை.

அது எந்தப் பைச்செடி என்பதுதான் கேள்வி. இந்த வகைச் செடிகள் வளர்ப்பவர்களின் குழு ஒன்று போனில் இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். இலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பூ வரட்டும் என்று பதில் வந்தது. பூவின் கீழ் உதடு எத்தனையாகப் பிரிந்திருக்கிறது, பின்னால் வால் எப்படி, பூவைத் தாங்கும் இரண்டு சின்ன இலைகள் ஒரே அளவா, இவற்றைப் பார்த்துத்தான் இன்னது என்று சொல்ல வேண்டுமாம். நியாயம்தான். கண்ணால் பார்க்காததை நிச்சயமாகச் சொல்லக் கூடாது என்பதுதான் என் கட்சியும்.

எங்கள் லயத்து வரிசைவீட்டின் பின்பக்கம், கூரைத் தகரத்திலிருந்து மழைத் தண்ணீர் விழும் மூலையில் என் செடிகளுக்கு இடம் செய்தேன். ஒரு பெரிய பேசினில் மழைத் தண்ணீர், அதற்குள் தொட்டிகள். பைச்செடிக்கு வெண்ணெய் டப்பா ஒன்று, அடியில் ஓட்டை போட்டது. சுற்றிலும் செங்கல் அடுக்கி, "இதுக்குள்ள யாரும் கால வைக்காதீங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். லயத்தில் கேட்டார்கள். என் வாய்க்குப் பயந்து கோழிகள்கூட அந்தப் பக்கம் போவதில்லை என்று கேலி பேசினார்கள்.

செடி நன்றாகப் படர்ந்தது. பூ மட்டும் வரவில்லை.

அதற்குள் என் கண்ணில் தூள் பறக்க ஆரம்பித்தது. உண்மையிலேயே ஆலையில் பறக்கும் தேயிலைத் தூள் மாதிரிதான் இருந்தது. முகத்தைக் கழுவினேன், போகவில்லை. எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து வருஷக்கணக்காகிறது. மாத்திரை போடுவேன், கல்யாண வீட்டில் கேசரியும் சாப்பிடுவேன். ஈப்போவில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணின் பின்சுவரில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். வலது கண் அந்த வருஷமே போயிற்று. இடது கண்ணுக்கு ஒளிக்கதிர் வைத்தார்கள். கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. அப்புறம் அதிலும் ஒரு பக்கமிருந்து கறுப்புத் திரை இறங்கத் தொடங்கியது. பின்சுவர் உரிகிறது, அறுவை செய்ய வேண்டும், செய்தாலும் எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவரும் என் கட்சிதான் போலிருக்கிறது.

அந்த வாரம்தான் பைச்செடியிலிருந்து ஒரு தண்டு எழும்பியது. தையல் நூல் கனம். நுனியில் கடுகில் பாதி அளவுக்கு மொட்டு. மிச்சமிருந்த கண்ணால், உருப்பெருக்கியை ஒட்டிவைத்துப் பார்த்தேன். மொட்டு மூடியே இருந்தது.

எனக்குப் பிள்ளை இல்லை. பெரிய ஆசைகள் என்று எதையும் வைத்துக்கொண்டதும் இல்லை. அந்தப் பூவை என் கண்ணால் பார்த்து, இது இன்ன செடி என்று நானே சொல்ல வேண்டும். வேறு எதையும் நான் அப்போது சாமியிடம் கேட்கவில்லை. கண்ணைக் காப்பாற்று என்றுகூடக் கேட்கவில்லை, அது விரியும்வரை இருக்கட்டும் என்றுதான் கேட்டேன். அறுவைக்குக் குறித்த நாள் முந்திக்கொண்டது. மொட்டு மூடியபடியே இருக்க, நான் ஈப்போவுக்கு இறங்கினேன்.

வீடு எங்கே என்று டாக்டர் கேட்டார். மலைமேல் என்றேன். உரிந்த சுவரை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு வைப்பது உண்டாம். வாயு வைத்தவர்கள் மலை ஏறக் கூடாதாம், மேலே போகப் போக வாயு பெருத்துக் கண்ணைக் கெடுத்துவிடுமாம். அதனால் எனக்கு வாயுவுக்குப் பதில் ஒருவித எண்ணெய் வைத்தார்கள். பிறகு எடுத்துவிடலாம், இப்போது வீட்டுக்குப் போகலாம். ஆனால் முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும். படுத்தாலும் குப்புற, உட்கார்ந்தாலும் தலை குனிந்து. யாருக்கும் குனியாதவள் என்று பேர் எடுத்த எனக்கு இப்படி ஒரு வைத்தியம்!

பார்த்துக்கொள்ள நாத்தனார் பெர்த்தாமிலிருந்து வந்துவிட்டார். தோட்டத்தையும் மகனையும் அப்படியே விட்டுவிட்டு, ஒரு பையில் துணியோடு வந்து நின்றார். எனக்குச் சோறு ஊட்டினார், தலைவாரினார், கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப் போனார். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் குறை சொன்னேன். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

சாயங்காலமானால் ஒரு கை கல்லுப்பை எடுத்து என்னைச் சுற்றுவார். திருஷ்டி கழிப்பது. ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று முணுமுணுப்பார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "சர்க்கரையால கெட்ட கண்ணுக்கு உப்பு என்னாக்கா செய்யும்?" என்று கேட்டேன். "நீ சும்மா கெட புள்ள" என்றார். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைப்பது, கரண்டி சொம்பில் தட்டும் சத்தத்தில் தெரியும். பிறகு பின்கதவு திறக்கும். தண்ணீர் விழும். கதவு சாத்தும்.

நான் தினமும் கேட்பேன், மொட்டு விரிந்ததா என்று. இல்லை என்பார். ஒருநாள் காலையில், "அது என்னமோ தல தொங்கிக் கெடக்கு புள்ள. எலயெல்லாம் வெந்த கீர மாதிரி இருக்கு" என்றார்.

"கொழாத் தண்ணி ஊத்துனீங்களா?"

"ஐயோ, நீ சொல்லிட்டுப் போனத மீறுவனா? ஒரு சொட்டு ஊத்தல."

"வேற என்னா ஊத்துனீங்க?"

"ஒனக்குச் சுத்துன உப்புத் தண்ணிய மட்டும்தான் அந்த பேசின்ல ஊத்துறேன். கால்படாத எடத்துல தான ஊத்தணும்? இந்த லயத்துல கால்படாத எடம் வேற எது இருக்கு?"

உண்மைதான். முன்வாசலில் மோட்டார் சைக்கிள்களும் பிள்ளைகளும். பின்னால் கால்வாயை ஒட்டி எல்லோரும் நடக்கும் பாதை. இந்த லயத்தில் ஒரு மனிதக் கால் படாத இடம் என்றால் அது நான் செங்கல் அடுக்கி, வீடு வீடாகச் சொல்லிக் காப்பாற்றிய அந்த மூலை ஒன்றுதான். அவர் தேடிப் பார்த்து, சரியான இடத்தில்தான் ஊற்றியிருக்கிறார். என்னைப் பிடித்த கண்ணேறு எவர் காலிலும் ஒட்டக் கூடாது என்று.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தோன்றியது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அதுக்கு அந்த உப்புத் தண்ணிய என் கண்ணுல ஊத்தியிருக்கலாமே!"

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது, யாரும் போய் இறக்கவில்லை. என் கணவர் அப்போதுதான் லோரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. நான் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணுக்காக அழவில்லை, அந்தப் பூவுக்காகத்தான் அழுதேன் என்று இப்போதும் சத்தியம் செய்வேன்.

கொஞ்ச நேரம் கழித்து நாத்தனாரின் குரல் கேட்டது. தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது, குரல் என் காதுக்கு நேராக வந்தது.

"சேறு வந்த வருசம், சமையல்கட்ட புதுசா கட்டியிருந்தோம். பூசணிக்கா சுத்தி ஒடைக்கணும்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன் புள்ள. மழையில அணையத் தொறந்து விட்டாங்க, தண்ணி சேத்தோட வீட்டுக்குள்ள வந்திச்சு. அடுப்பு, பீரோ, கல்யாணப் படம், ஒன்னும் மிஞ்சல. அதுலேருந்து எதையும் நான் விடறதில்ல. ஒனக்கும் விடக் கூடாதுன்னுதான்..."

பூசணிக்காய் சுற்றாததால் வந்ததில்லை அந்தச் சேறு என்று சொல்லலாம். அது உண்மை. ஆனால் அன்று எனக்கு அதைச் சொல்லத் தெம்பில்லை. "எழுந்திரிங்க. ட்ரம்முல மழத்தண்ணி இருக்கு, பேசினக் கவுத்துட்டு வாங்க" என்றேன்.

சமையல்கட்டு மேசையைப் பின்கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள். நான் அதில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட கண்ணுக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். பாசியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு துண்டாகப் பிரித்து, மழைத் தண்ணீரில் முக்கி, வடியவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் முக்கி. பிழியக் கூடாது, பைகள் நசுங்கிவிடும். பிழியவில்லை. என் கணவர் அன்று லோரிக்குத் தாமதமாகப் போனார், துரையிடம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ட்ரம் காலியானபோது மழை வந்தது. அது வராமல் போகிற ஊர் இல்லை இது.

பனிச்செடிகள் செத்தன. வெண்ணெய்ச்செடி செத்தது. ஈப்பொறி கிழங்கோடு அழுகியது. பைச்செடியில் ஒரே ஒரு துண்டு, அதுவும் பாளத்தின் ஓரத்தில் உயரமாக இருந்து உப்பை அதிகம் குடிக்காத துண்டு, பச்சையாக நின்றது. மொட்டு வந்த தண்டு கருகி உதிர்ந்தது.

நாத்தனார் பெர்த்தாமுக்குத் திரும்பிப் போகவில்லை. "நான் இருக்கேன்" என்றார், அவ்வளவுதான். திருஷ்டி சுற்றுவதை நிறுத்திவிட்டார். உப்பு டப்பாவைத் தொடவே அவருக்குக் கை கூசியது போலிருக்கிறது. சாம்பாரில், ரசத்தில், கீரையில் எல்லாவற்றிலும் உப்புக் குறைந்தது. சப்பென்று இருக்கிறது என்று நான் சொன்னேன். சரி என்பார், மறுநாளும் அப்படியே இருக்கும். அவருடைய சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு மாதங்கள் ஆயின. என் கணவர் ஒருநாள் என்னிடம் மெதுவாக, "நீ சொன்ன வார்த்த அக்காவ உள்ளுக்குள்ள தின்னுது லா" என்றார். நான் அந்த வார்த்தைக்கு அன்று சாயங்காலமே மன்னிப்புக் கேட்டிருந்தேன். மன்னிப்பு போய்ச் சேரவில்லை.

எண்ணெயை எடுத்தார்கள். கட்டை அவிழ்த்தபோது வெளிச்சம் தெரிந்தது. ஆள் நிற்பது தெரிந்தது. ஜன்னல் எங்கே, கதவு எங்கே என்று தெரிந்தது. இனி இவ்வளவுதான், சின்னப் பொருள்களை எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். அவர் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. உப்பை நிறுத்தியதால்தான் கண் போயிற்று என்று நினைக்கிறாரா, உப்பு ஊற்றியதால் என்று நினைக்கிறாரா, எனக்குப் புரியவில்லை. இரண்டையும் நினைத்திருப்பார்.

மலைக்குத் திரும்பினோம். காலையில் எழுந்ததும் அவர் பின்பக்கம் போவார். திரும்பி வந்து, "பச்சையா இருக்கு" என்பார். நான் கேட்பதில்லை, அவராகவே சொல்வார். உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டி, செடியைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்க்கப் பழகிக்கொண்டார். ஒருநாள் ஓடிவந்தார்.

"நூலு மாதிரி ஒன்னு எந்திரிச்சிருக்கு புள்ள."

அதற்குப் பிறகு அவர் அந்த மூலையை விட்டு நகரவில்லை என்றே சொல்லலாம். கோழி துரத்தினார். துணி காயப்போட வந்தவர்களைத் திட்டினார். எனக்கு இருந்த கெட்ட பேர் அவருக்கும் வந்தது. ஒரு முற்பகலில், மழை விட்டு வெயில் லேசாக வந்தபோது, என்னைக் கைபிடித்து அழைத்துப் போய்ச் செங்கல் ஓரம் ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"விரிஞ்சிருச்சு" என்றார்.

"கண்ணாடிய வச்சிப் பாருங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்."

"சரி."

"நெறம்?"

"வெள்ள. சுத்த வெள்ள இல்ல. கத்திரிப்பூவ கழுவுன தண்ணி மாதிரி லேசா ஒரு சாயல்."

"நடுவுல ஏதாவது?"

"மஞ்சப் பொட்டு. மஞ்சத் தூள ஊசியில தொட்டு வச்ச மாதிரி."

"கீழ் ஒதடு எத்தனையா பிரிஞ்சிருக்கு?"

நேரம் எடுத்துக்கொண்டார். மூச்சு விடுவது கேட்டது. "அஞ்சு. நடுவுல உள்ளது சின்னது."

"பின்னால பூவத் தாங்குற மாதிரி ரெண்டு எல இருக்கும். ரெண்டும் ஒரே அளவா?"

"இல்ல இல்ல. மேல உள்ளது பெருசு. கீழ உள்ளது இருக்கா இல்லியான்னே தெரியல."

"வாலு?"

"இருக்கு. குட்ட வாலு."

எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மலையில் ஈரம் கசியும் பாறைகளிலெல்லாம், பாசி படிந்த மரங்களிலெல்லாம் வளர்கிற, மிகச் சாதாரணமான பைச்செடி. அபூர்வமானது ஒன்றுமில்லை. குழுவில் போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அதில் ஏமாற்றமும் இல்லை. இது இன்ன செடி என்று நானே சொல்லிவிட்டேன். ஆசையில் பாதி நிறைவேறியது. மற்ற பாதி என் முகத்துக்கு முன்னால் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது.

"நீ பாக்கணும் புள்ள" என்றார் நாத்தனார்.

"தெரியாதுக்கா."

"இரு" என்று உள்ளே ஓடினார். தம்பியின் கறுப்புக் குடையைக் கொண்டுவந்து விரித்தார். வெண்ணெய் டப்பாவை என் முகத்துக்கு நேரே ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகையால் குடையை அதன் பின்னால் பிடித்தார். கறுப்புக்கு முன்னால் வெள்ளை தெரியும் அல்லவா? அதை அவராகவே யோசித்திருக்கிறார். எத்தனை நாளாக யோசித்தாரோ!

பார்த்தேன். கறுப்பு தெரிந்தது, பெரிய வட்டமாக. தலையை இடப்பக்கம் சாய்த்தேன், வலப்பக்கம் சாய்த்தேன். கிட்டே போனேன். கறுப்பு மட்டும்தான் இருந்தது. குடை நடுங்கியது. வயதான கை, எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்கும்?

"தெரியுதா?"

நான் நெற்றி டப்பாவில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தேன்.

"இப்ப? இன்னும் கொஞ்சம் மேல தூக்கவா? இப்பத் தெரியுதா புள்ள?"

அந்தக் குரலில் எல்லாம் இருந்தது. பூசணிக்காய், சேறு, உப்பு, நான் சொன்ன அந்த வார்த்தை, எல்லாம்.

"தெரியுதுக்கா" என்றேன். "வெள்ளையா தெரியுது."

"மெய்யாவா?"

"மெய்யா. நடுவுல மஞ்சப் பொட்டுகூடத் தெரியுது."

குடை கீழே விழுந்தது. டப்பாவைப் பத்திரமாகப் பேசினில் வைக்கும் சத்தம் கேட்டது, அதற்கப்புறம்தான் அவர் அழுதார். என்னைக் கட்டிக்கொண்டு, பிள்ளை மாதிரி, சத்தமாக. என் கணவர் முன்வாசலிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

"ஒன் பொஞ்சாதிக்குப் பூ தெரியுதுடா தம்பி! மஞ்சப் பொட்டு மொதக்கொண்டு சொல்றா!"

கீழே கிடந்த குடையை அவர் எடுத்து மடக்கும் சத்தம் கேட்டது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு, "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. அவளுக்குப் பொய் சொல்ல வராது" என்றார்.

அன்று மத்தியானம் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.